வரிப் படிவத்தின் ஏழாம் கேள்வி

என் மேலதிகாரிக்கு,

அன்புடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீ, மகள், மாப்பிள்ளை, குட்டிப் பெண் எல்லோரும் நலமென்று ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் தெரிந்துகொண்டேன். நான் தொலைபேசியில் பேசுவதைவிட மூச்சு விடுவதுதான் அதிகம் என்று நீ குறைப்பட்டுக்கொண்டாய். உண்மைதான். ஆகவே இந்தக் கடிதம். எழுத்து என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அடித்துத் திருத்தலாம் அல்லவா?

சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன. வரிசை தவறக் கூடாதென்று முதலில் ஒரு பட்டியல்:

1. வீட்டு நிலவரமும் என் உடல்நிலையும்.
2. சொத்து வரிச் சலுகைக்கு நான் விண்ணப்பித்தது. (ஆம், நானேதான்.)
3. அதில் நான் செய்த பெரும் பிழை.
4. ஆய்வாளர் நம் வீட்டுக்கு வந்துபோனது.
5. முடிவு. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இத்துடன் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். அதற்காக நேரில் வரத் தேவையில்லை.

உன்னை எனக்குத் தெரியும். இந்நேரம் கடைசிப் பக்கத்துக்குத் தாவியிருப்பாய். தயவுசெய்து திரும்பி வந்து வரிசையாகப் படி. இல்லாவிட்டால் என் பிழையின் முழு அளவு உனக்குப் பிடிபடாது.

முதலாவது, வீடு. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது. மூன்றாம் முறையை நான் சேர்க்கவில்லை. அன்று நான் அடுப்பின் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சலவை இயந்திரத்துக்கும் எனக்கும் ஒரு சமாதானம் ஏற்பட்டிருக்கிறது. என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது இளநீல நிறம். எதிர்வீட்டுத் தையல்காரர், "ஐயா, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு, முன்னாடியே சாயம் போட்டிருக்கலாம்" என்கிறார். உன் பூந்தொட்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் தளிர் விட்டிருக்கின்றன. அந்த ஒன்றைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. மாத்திரைகளை நீ எழுதி வைத்துப்போன நேரப்படி விழுங்குகிறேன்.

இரண்டாவதுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் நாம் பேசி வைத்ததை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், எனக்காகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

தெருவை அகலப்படுத்தியதும் நம் வீட்டின் மதிப்பு கூடிவிட்டதென்று வரியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். வீட்டின் மதிப்புதான் கூடியது, நம் பென்ஷன் அப்படியேதான் இருக்கிறது. உன் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காக நீ மகள் ஊருக்குக் கிளம்பிய காலையில், பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே நீ தீர்ப்பு சொன்னாய்: "வயசானவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும் வரியில சலுகை உண்டாம். கிடைச்சா இங்கேயே இருப்போம். கிடைக்கலைன்னா மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கிற ஆளுக்கு வீட்டை வித்துட்டு அவங்களோடவே போயிடுவோம்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆனா அந்த வரி ஆபீஸ் வாசப்படியை நீங்க மிதிப்பீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லை" என்றாய்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கும் அந்த நம்பிக்கை இல்லை. நாற்பத்தொரு வருட இல்லறத்தில் மின்சார அலுவலகம், வங்கி, பத்திரப் பதிவு, மகளின் பள்ளிக்கூடம், எல்லா இடத்துக்கும் முன்னால் போனவள் நீ. பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவன் நான். முப்பத்தாறு வருடம் வானிலை நிலையத்தில் உட்கார்ந்து 'மழை பெய்யக்கூடும்' என்று எழுதிப் பழகியவனுக்கு, எதையும் அடித்துப் பேச வராது.

வீட்டை வாங்குகிறேன் என்றவர் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தார். அதனால் போனேன். முதல் நாள் மழை வரும்போல் இருந்தது, வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் மழை வரும்போல் இல்லை; அன்றும் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் காவலாளி என் முன்னால் வந்து நின்று, "என்ன பெரியவரே, தினமும் வந்து கட்டடத்தை எட்டிப் பார்த்துட்டுப் போறீங்க? வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை, விற்காமல் இருப்பதற்காக வந்தேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து மூன்றாம் கவுன்டரில் கொண்டுபோய் விட்டார்.

அந்தக் கவுன்டரில் இருப்பவள் நம் மகள் வயதுப் பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவள். நான் இரண்டு படிவம் கேட்டேன். ஒன்று போதுமே என்றாள். ஒன்று எழுத, ஒன்று திருத்த என்றேன். "தாத்தா, இது பரீட்சை இல்லை. ஆமான்னா ஆமாக்கு நேரா டிக், இல்லைன்னா இல்லைக்கு நேரா டிக். முடிஞ்சுது கதை" என்று சொல்லி, ஆனாலும் இரண்டாகவே கொடுத்தாள். உன் மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றாள். அதை மகள் அனுப்பித் தந்தாள். உன்னிடம் சொல்லக் கூடாதென்று அவளிடம் நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். கிடைக்காமல் போனால் உன் முன்னால் இன்னொரு முறை தலைகுனிய வேண்டாமே என்றுதான். அவளைத் திட்டாதே.

மூன்றாவது, என் பிழை.

நம் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நடப்பது உனக்குத் தெரியும். முதல் பிரதியைப் பென்சிலில் நான் நிரப்புவேன். சந்தேகங்களை ஓரத்தில் உனக்குக் குறித்து வைப்பேன். நீ அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு பதில் எழுதுவாய். பிறகு நான் பேனாவில் நல்ல பிரதி எழுதுவேன். இந்த முறையும் அப்படியே செய்தேன். நீ இங்கே இல்லை என்பது மூன்றாவது கேள்வியைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஓரத்தில் உனக்கு எழுதிக்கொண்டே போனேன். அதில் ஒரு சுகம் இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

ஏழாம் கேள்வியில்தான் சிக்கிக்கொண்டேன். 'உரிமையாளர்கள் இருவரும் இந்த வீட்டில் வசிக்கிறார்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நீ ஐந்து மாதமாக இங்கே இல்லை. ஆம் என்றால் பொய். இல்லை என்று டிக் செய்யக் கை வரவில்லை. கடைசியில் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் 'பெரும்பாலும்' என்று எழுதி வைத்தேன்.

நல்ல பிரதியில் இதற்கு மூன்று நாள் யோசித்தேன். அரசாங்கத் தாளில் உண்மைதான் எழுத வேண்டும் என்று முடிவு செய்து 'இல்லை' என்று டிக் செய்தேன். ஒரே மாதிரி இரண்டு பழுப்பு உறைகள். ஒன்றில் நல்ல பிரதி, அலுவலகத்துக்கு. இன்னொன்றில் பென்சில் பிரதி, நீ வந்தால் காட்டுவதற்கு. அலுவலகத்துக்குரியதை மறுநாள் காலை முதல் ஆளாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது என் நடையே வேறாக இருந்தது என்று தையல்காரர் சொன்னார்.

பத்து நாள் கழித்து ஒரு சந்தேகம் வந்தது. பிறந்த தேதியைச் சரியாக எழுதினேனா என்று பார்க்கலாமென அலமாரியில் இருந்த உறையைப் பிரித்தேன். உள்ளே பேனாவில் எழுதிய நல்ல பிரதி, ஒரு அடித்தல்கூட இல்லாமல், அழகாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் அலுவலகத்துக்குப் போனது பென்சில் பிரதி. பென்சில் பிரதியில் என்னென்ன எழுதியிருந்தேன் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஒன்பதாம் கேள்வி, உடல் குறைபாட்டின் தன்மை: 'இடுப்பு எலும்பு. நடக்க ஊன்றுகோல் தேவை. வாய்க்கு எந்தக் குறையும் இல்லை.' பக்கத்தில், 'கோபப்படாதே, அழித்துவிடுவேன்' என்று வேறு எழுதியிருந்தேன். அழிக்கவில்லை. பதினொன்றாம் கேள்வி, வேறு எங்காவது வீடு உண்டா: 'இல்லை.' அதன் ஓரத்தில் எழுதியதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். நீ படிக்க வேண்டியதை ஒரு அலுவலகமே படித்துவிட்டது. நீ மட்டும் படிக்கவில்லை. 'அங்கே லிஃப்ட் இருக்கிறது, பூங்கா இருக்கிறது, பேத்தி இருக்கிறாள். அந்த வீடு உனக்குப் பிடித்துப் போயிருந்தால் சொல்லிவிடு. நான் இந்தத் தாளைக் கொடுக்கவே மாட்டேன்.' இவ்வளவும் எழுதியிருந்தேன்.

அன்றே நல்ல பிரதியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் அளவில் ஓட்டம். கவுன்டர் பெண் என்னைப் பார்த்ததுமே வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க பேப்பரை மூணு செக்‌ஷன்லயும் படிச்சாச்சு தாத்தா. ரெண்டாவது மாடி மேடம் அதை வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டணும்னு ஜெராக்ஸ் கேட்டாங்க, நான்தான் குடுக்கலை" என்றாள். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். தாளை மாற்றித் தர முடியுமா என்று கேட்டு நல்ல பிரதியை நீட்டினேன். அதை வாங்கிப் படித்தவளின் முகம் மாறிவிட்டது. "ஏழாவதுல இல்லைன்னு போட்டிருக்கீங்களே. இது வந்திருந்தா அன்னிக்கே ரிஜெக்ட் பண்ணியிருப்போம். ரெண்டு பேரும் குடியிருந்தாத்தான் சலுகை" என்று சொல்லிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, அந்த அழகான நல்ல பிரதியை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே சொருகிவிட்டாள்.

பிறகு பொறுமையாக விளக்கினாள். வைத்தியத்துக்காக வெளியூர் போனவர்களை வீட்டில் வசிப்பவராகவே எடுத்துக்கொள்ளலாமாம். ஆனால் அந்த வீடு இன்னும் அவர் வீடாகத்தான் இருக்கிறது என்று ஆய்வாளர் நேரில் பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. "அவர் ரொம்பக் கறார். வீட்டைச் சுத்தமா வச்சுக்கோங்க, வாயை மூடி வச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினாள். இரண்டாவதற்கு எனக்குப் பயிற்சி உண்டு.

நான்காவது, ஆய்வாளர்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். கனத்த உடம்பு, மூச்சு வாங்குகிறது, கையில் தடித்த நோட்டு. உட்காரச் சொன்னேன். நேராகப் போய் ஜன்னலோரத்து மர நாற்காலியில் உட்காரப் போனார். நான், "அது அவளுடைய நாற்காலி" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று புரிந்தது. பாதி உட்கார்ந்தவர் அப்படியே நின்று, என்னைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வேறு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு ஏதோ எழுதினார். வேலை முடிந்தது, வீடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

மனைவி இங்கே வசிப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். உன் புடவைகளைக் காட்டினேன். துணி யார் வீட்டில் வேண்டுமானாலும் இருக்கும் என்றார். ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் காட்டினேன். காகிதத்தில் எல்லோரும்தான் வசிக்கிறார்கள் என்றார். காபி போட்டுத் தருகிறேன் என்று சமையலறைக்குள் போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

மருத்துவமனை மருந்துக் கிடங்கில் இருபத்தெட்டு வருடம் சீட்டு ஒட்டிய கை உன்னுடையது. போகும்போது டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டி இந்த வீட்டையும் ஒரு கிடங்காக்கிவிட்டுப் போனாய். ஐந்து மாதமாக அந்தச் சீட்டுகளோடு குடித்தனம் நடத்துவதால் எனக்கு அவை கண்ணில் படுவதே இல்லை. அவர் கண்ணில் பட்டன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். "உப்பு. இது சர்க்கரை இல்லை. நாலாவது தடவை சொல்கிறேன்." அடுத்த டப்பா: "காபித்தூள். காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்றாவது கேட்டால் கிடையாது." அலமாரி: "விருந்தாளிக்கு நீலக் கோப்பை. கைப்பிடி உடைந்தது உங்களுக்கு." அடுப்புக்கு மேலே: "அணைத்தாயிற்றா? திரும்பிப் பாருங்கள். இன்னொரு முறை." ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் குலுங்கியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு வந்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டார். அங்கே என்ன எழுதியிருந்தாய் என்பது உனக்கு நினைவிருக்கும். என் வயிற்றைப் பற்றியது, திரும்ப எழுத மாட்டேன்.

நீலக் கோப்பையில் காபி குடித்தார். தன் வீட்டிலும் இப்படி ஒரு அதிகாரி உண்டு, ஆனால் எழுத்து இவ்வளவு தெளிவில்லை என்றார். பிறகு எழுந்து அறை அறையாகப் பார்த்தார். குளியலறையில் நின்றுவிட்டார்.

இதை உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போன இரண்டாம் மாதம், குழாய்க்காரரை அழைத்துக் குளியலறைச் சுவரில் கைப்பிடிக் குழாய் ஒன்று பொருத்தினேன். உயரம் சரியாக இருக்க வேண்டுமே. தையல்காரர் உன் ரவிக்கைக்கு அளவெடுத்த பழைய நோட்டைத் தேடி எடுத்தார். அதிலிருந்து உன் தோள், முழங்கை எல்லாம் கணக்குப் போட்டு இரண்டு பேரும் சுவரில் கோடு போட்டோம். குழாய்க்காரர், "அம்மாவையே கூப்பிட்டு நிக்க வச்சா அஞ்சு நிமிஷ வேலை" என்றார். பின்வாசல் படியையும் சரிவாக்கியிருக்கிறேன். உன் கட்டிலை நாலு விரற்கடை உயர்த்தியிருக்கிறேன்.

ஆய்வாளர் அந்தக் குழாயைப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. இது யாருக்கு என்று கேட்டார். அவள் வந்தால் பிடித்துக்கொள்ள என்றேன். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சரியாச் சொல்லுங்க சார். வந்தாலா, வரும்போதா? நான் எழுதணும்" என்றார்.

என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான முறை 'கூடும்' என்று எழுதியிருக்கிறேன். ஒருமுறைகூட நாளை மழை பெய்யும் என்று எழுதியதில்லை. திரும்பி வருவதைப் பற்றி உன்னிடமிருந்து ஒரு வார்த்தைகூட வந்திருக்கவில்லை. என்ன ஆதாரம் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும், வரும்போது என்றேன். என் குரல் குளியலறையில் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

அவர் ஒரே ஒரு வரி எழுதினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "பெரும்பாலும்னு எழுதினீங்களே, அதை நான் அடிச்சிட்டேன். அம்மா இங்கேதான் இருக்காங்க. கொஞ்சம் அதிகமாவே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாவது, முடிவு. நேற்றுத் தபாலில் உத்தரவு வந்தது. வயதுக்கான சலுகை, உன் இடுப்புக்கான சலுகை, இரண்டும் அனுமதி. தெருவை அகலப்படுத்துவதற்கு முன்னால் கட்டியதைவிடவும் குறைவாகத்தான் இனி வரி. ஒவ்வொரு வரியாக மூன்று முறை படித்தேன். சந்தேகம் வந்து தையல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தார். அவருடைய இரண்டு வாடிக்கையாளர்களும் கேட்டார்கள். ஒரு அம்மாள், "இதுக்காகவா இந்தப் பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிறார்?" என்று கேட்டார். தூசி என்று தையல்காரர் எனக்காகச் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளையை நானே தொலைபேசியில் அழைத்தேன். வீடு விற்பதற்கில்லை, வாங்க வந்தவரிடம் சொல்லிவிடுங்கள் என்று, இடையில் மூச்சு விடாமல் பேசினேன். அவர், "மாமா, பேசுறது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார். இந்தக் கடிதத்தில் சொல்லியாகிவிட்டது.

இத்துடன் ஒப்புதல் தாள் இருக்கிறது. முதல் உரிமையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாம் உரிமையாளர் என்ற இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி இருக்கிறது. அதன்மேல் நீ போட வேண்டும். முப்பது நாள் அவகாசம். முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். தபாலில் வந்தாலும் ஏற்றுக்கொள்வார்களா என்று கவுன்டர் பெண்ணிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

குட்டிப் பெண்ணுக்கு முத்தங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். நீ நூறு வயது நடமாட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்,
இவ்வீட்டின் முதல் உரிமையாளர்
(பத்திரத்தில் மட்டும்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தேன். பட்டியலில் ஐந்தாவது தவறு. தபாலில் அனுப்பினால் அலுவலகத்துக்குப் போதும். எனக்குப் போதாது. அடுத்த வாரம் முதல் நீ ரயிலில் உட்கார்ந்து வரலாமென்று வைத்தியர் சொன்னதாக மகள் சொல்கிறாள். ஆகவே அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையெழுத்தை இங்கே வந்து போடு.